கணுக்கால் மடங்காமல் இருக்க எதை வாங்குவது? வாள்வீச்சுக்காரர்களுக்குக் கேள்வி-பதில்

கேள்வி: மகளுக்கு 14 வயது, ஃபாயில் (வாள்வீச்சில் ஒரு வகை) ஆடுகிறாள். ஒரே வருஷத்தில் பின்கால் கணுக்கால் இரண்டு தடவை மடங்கிச் சுளுக்கிக்கொண்டது. இப்போது வலி இல்லை. கோச் பேலன்ஸ் பயிற்சி செய்யச் சொல்கிறார். கடையில் ஃபோம் பேட், காற்று டிஸ்க், வாபிள் போர்டு (அடியில் குமிழ் வைத்த, சாயும் பலகை), அரைப்பந்து என்று வரிசையாக இருக்கிறது. எதை வாங்குவது?

பதில்: முதல் இரண்டு வாரத்துக்கு எதையும் வாங்காதீர்கள். வெறுங்காலோடு, சுவர் கைக்கெட்டும் தூரத்தில், ஒற்றைக்காலில் 30 விநாடி நிற்கட்டும். ஒரு காலுக்கு மூன்று முறை. முழங்கால் லேசாக மடங்கி, பாதத்தின் இரண்டாவது விரலுக்கு நேராக இருக்க வேண்டும். தூக்கிய கால் தரையில் பட்டாலோ, நிற்கும் காலில் ஒட்டிக்கொண்டாலோ அந்த முறை கணக்கில் சேராது. ஏற்கெனவே சுளுக்கிய கால் பெரும்பாலும் இங்கேயே தடுமாறும். சுளுக்கும்போது நார் மட்டும் நைவதில்லை. பாதம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று சொல்லும் உணர்வும் மந்தமாகிவிடுகிறது. கெண்டைக்காலின் வெளிப்புறத் தசை தாமதமாக இழுக்கிறது. அதற்குள் கால் மடங்கிவிடுகிறது. ஒரு முறை சுளுக்கியவர்களுக்குத் திரும்பவும் சுளுக்குவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். பேலன்ஸ் பயிற்சியால் அதிகம் பலன் பெறுபவர்களும் அவர்கள்தான்.

மூன்று முறையும் ஆடாமல் நின்றுவிட்டால், அதையே கண்ணை மூடிக்கொண்டு செய்யட்டும். அதுவும் கைவந்த பிறகு ஃபோம் பேட் வாங்குங்கள். சுமார் 6 செ.மீ. தடிமன் போதும். கடையிலேயே அதன் நடுவில் ஒற்றைக்காலில் ஏறி நிற்கச் சொல்லுங்கள். குதிகால் அடித்தரையை உணர்ந்தால் அது வெறும் ஸ்பாஞ்சு, வேண்டாம். கட்டைவிரலால் அழுத்தி எடுத்தால் பள்ளம் உடனே நிரம்ப வேண்டும்.

காற்று டிஸ்க்கும் நல்ல பொருள்தான். ஆனால் வாங்கியவர்கள் பலரும் அதைக் கல் மாதிரி ஊதிவிடுகிறார்கள். ஏறி நின்றால் பாதம் இரண்டு விரல்கடை அமிழ வேண்டும், அடித்தரை தட்டக்கூடாது. வால்வில் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள். குமிழி வந்தால் மாற்றிக் கேளுங்கள். அரைப்பந்து வீட்டில் இடத்தை அடைக்கும். இந்த வேலைக்கு அவசியமில்லை.

பேட் வந்ததும் அதை வாள்வீச்சோடு சேர்ப்பதுதான் முக்கியம். வெறுமனே கொக்கு மாதிரி நிற்பதோடு விட்டுவிடாதீர்கள். பின்வாங்கும்போது பின்கால் குதிகால் ஊன்றும் முன்பே உடல் எடை வந்து சேர்ந்தால், பாதம் வெளி விளிம்பில் புரளும். விரல்நுனி கீழ்நோக்கி இருக்கும் அந்த நிலையில்தான் கணுக்கால் மூட்டு மிகவும் தளர்வு. ஆகவே ஆன்-கார்ட் நிலையில் (முழங்கால் மடக்கி ஆட்டத்துக்குத் தயாராக நிற்கும் நிலை) பின்காலை மட்டும் பேட்டில் வைத்து 30 விநாடி. பிறகு முன்காலை மாற்றி வைத்து 30 விநாடி. அடுத்த கட்டம், முன்கால் பேட்டில் இறங்கும்படி மெதுவாக லஞ்ச் (முன்காலை எட்டி வைத்துப் பாயும் அடி): இறங்கி மூன்று விநாடி நின்று திரும்ப வேண்டும், 8 முறை, இரண்டு சுற்று. முன்காலின் பாதம் உள்நோக்கித் திரும்பி இறங்கினால் அங்கேயே நிறுத்தித் திருத்துங்கள். மொத்தம் 10 நிமிஷம், வாரத்தில் மூன்று முதல் ஐந்து நாள், வாள் எடுக்கும் முன்பு. ஆறு வாரமாவது விடாமல் செய்ய வேண்டும். வேகமான லஞ்ச் வெறுந்தரையில் மட்டும்தான்.

கேள்வி: ஆன்லைனில் வாங்கிய வாபிள் போர்டு டைல்ஸ் தரையில் வழுக்குகிறது. திருப்பி அனுப்பலாமா?

பதில்: வழுக்குவது பலகையின் குறையல்ல. அடியில் மெல்லிய ரப்பர் பாய் விரியுங்கள். மெத்தை வேண்டாம், குமிழ் அதில் புதைந்து பலகை சாயவே சாயாது. திருப்பி அனுப்ப வேண்டிய குறைகள் வேறு. பலகையைக் கவிழ்த்து, குமிழிலிருந்து விளிம்புவரை நான்கு பக்கமும் ஸ்கேலால் அளந்து பாருங்கள். ஒரு பக்கம் கூடினால் குமிழ் நடுவில் இல்லை, எப்போதும் ஒரே பக்கம் சாயும். திருகு ஆடினாலோ, மேற்பரப்பு வழவழவென்று இருந்தாலோ வேண்டாம். எடைத் தாங்கு அளவு உடல் எடையை விடத் தாராளமாக அதிகம் இருக்க வேண்டும். ஏறி இறங்கும் அதிர்வில் சுமை கூடும். இதன்மேல் லஞ்ச் செய்யவே கூடாது. பலகை நழுவிக் கவிழ்ந்தால், தடுக்க நினைத்த சுளுக்கே வந்து சேரும்.

கேள்வி: கணுக்கால் பிரேஸ் (கணுக்காலை இறுக்கிப் பிடிக்கும் உறை) போட்டால் இந்தப் பயிற்சியே வேண்டாமே?

பதில்: ஏற்கெனவே சுளுக்கிய காலுக்கு இரண்டும் வேண்டும். ஆடும்போது பிரேஸ், பேலன்ஸ் பயிற்சியின்போது வெறுங்கால். டேப் ஒட்டினால் ஆட்டத்தின் முதல் அரைமணியிலேயே இளகத் தொடங்கும். அதனால் லேஸ் கட்டும் மெல்லிய பிரேஸ் மேல். வாங்கப் போகும்போது ஆடும் ஷூவையும் நீளக் காலுறையையும் எடுத்துப் போங்கள். மூன்றையும் போட்டுக்கொண்டு கடையிலேயே ஐந்து லஞ்ச் செய்து பாருங்கள். குதிகால் ஷூவுக்குள் எழும்பினால் அந்த ஜோடி சேராது.

கேள்வி: ஓடும் ஷூவில் ஆடலாமா?

பதில்: கூடாது. தடித்த, மெத்தென்ற அடிப்பாகம் பாதத்தை உயர்த்தி வைக்கிறது. பக்கவாட்டில் சாய்ந்தால் அந்த உயரமே நெம்புகோலாகிவிடும். வாள்வீச்சு ஷூவின் அடி மெல்லியது. முன்கால் லஞ்சில் குதிகாலில் இறங்கி உருளும்படி அதன் குதி வளைந்திருக்கும். பின்கால் தரையில் உரசும் உள்பக்கத்துக்குத் தனி உறை உண்டு. அது இப்போதைக்கு முடியாவிட்டால், உள்ளரங்க பாட்மின்டன் அல்லது கைப்பந்து ஷூ பரவாயில்லை. பழைய ஷூவை மேசைமேல் வைத்துப் பின்னாலிருந்து பாருங்கள். குதிப்பகுதி ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் அதன் ஆயுள் முடிந்தது.

கேள்வி: ஆப்போடு இணைந்து ஸ்கோர் காட்டும் பேலன்ஸ் பலகை தேவையா?

பதில்: தேவையில்லை, ஓர் அளவு நாடா போதும். ஒற்றைக்காலில் நின்று மறுகாலை முன்னே எவ்வளவு தூரம் நீட்டித் தொட முடிகிறது என்று அளந்து, இரண்டு காலையும் ஒப்பிடுங்கள். 4 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால், குறைந்த காலுக்கு ஒரு சுற்று கூடுதலாகக் கொடுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அளந்தால் போதும்.

கேள்வி: நேற்றுதான் சுளுக்கியது. இன்றே தொடங்கலாமா?

பதில்: முதலில் எலும்பைப் பாருங்கள். நான்கு அடி எடுத்து வைக்க முடியவில்லை என்றாலோ, உள்கணு, வெளிக்கணு எலும்புகளின் பின்விளிம்பில் கடைசி 6 செ.மீ.க்குள் தொட்டால் வலித்தாலோ, பாதத்தின் நடுப்பகுதியில் வெளிப்பக்கமோ உள்பக்கமோ எலும்பை அழுத்தினால் வலித்தாலோ எக்ஸ்ரே எடுத்தாக வேண்டும். இவை எதுவும் இல்லை, வீக்கமும் வடிகிறது என்றால், நொண்டாமல் நடக்க முடிந்த நாளில் தரையில் இரண்டு கால் ஊன்றி, எடையைச் சுளுக்கிய காலுக்கு மெல்ல மாற்றுவதில் தொடங்குங்கள். ஒற்றைக்கால் அதற்குப் பிறகு. போர்டு இன்னும் பிறகு.