திங்கட்கிழமை வயிற்றுவலி

கேள்வி: மகளுக்கு ஆறு வயது, ஒன்றாம் வகுப்பு. நாலு மாதமாக வாரத்தில் இரண்டு மூன்று நாள் காலையில் வயிறு வலிக்கிறது என்று சுருண்டு படுத்துவிடுகிறாள். பத்து மணிக்கு எழுந்து ஆடுகிறாள். பூச்சி மருந்து கொடுத்தாயிற்று. மாமியார் குடல் தட்டியும் பார்த்தார். ஸ்கேனில் நெறி கட்டியிருக்கிறதாம். புது ஆள் வந்தாலே என் முந்தானையில் ஒளிகிற பிள்ளை. 'நடிக்கிறாள்' என்கிறார் கணவர்.
– ஒரு வாசகி, காரைக்குடி

பதில்: நடிப்பு இல்லையம்மா. முதலில் அதை உங்கள் வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள். பரீட்சை அன்று அவருக்கு வயிற்றைக் கலக்கியதே, அது நடிப்பா? குடலுக்கென்று தனி நரம்பு வலை இருக்கிறது. சட்டை லேபிள் குத்துகிறது என்று அழுகிற, எதையும் நின்று பார்த்துப் பழகுகிற சுபாவக்காரப் பிள்ளைகள் சிலருக்கு அது கொஞ்சம் கூர்மை. அதற்காக வாயாடிக்கு வலிக்காது என்று நினைக்காதீர்கள்.

ஸ்கேன் தாளை மடித்து வையுங்கள். நன்றாக ஓடியாடும் பிள்ளை வயிற்றிலும் சின்ன நெறிகள் தெரியும். 1958இல் பிரிட்டனின் பிரிஸ்டலில் ஜான் ஆப்லி என்ற குழந்தை மருத்துவர் ஆயிரம் பள்ளிப் பிள்ளைகளை ஆராய்ந்தார். சுமார் பத்தில் ஒருவருக்கு இப்படி வந்து வந்து போகிற வலி. தொப்புளைவிட்டு வலி எவ்வளவு தள்ளிப் போகிறதோ அவ்வளவு உஷாராக இரு என்றார். நானும் 'ஒரு விரலால் காட்டு' என்றுதான் கேட்பேன். பெரும்பாலான பிள்ளைகள் உள்ளங்கையை விரித்துத் தொப்புளை மூடிக் காட்டும்.

நீங்கள் எழுதாத ஒன்றைக் கேட்கிறேன்: பள்ளிக் கழிப்பறைக்குப் போகிறாளா? கூச்சமுள்ள பிள்ளைகள் நாள் முழுக்க அடக்கிக்கொள்ளும். காலையில் இட்லி இறங்கியதும் பெருங்குடல் வேலையைத் தொடங்கும். அந்த நேரம் பார்த்து வாசலில் ஆட்டோ ஹாரன். அரைமணி முன்னால் எழுப்புங்கள். சாப்பிட்டதும் காலுக்கடியில் முக்காலி போட்டுப் பத்து நிமிடம் உட்காரட்டும். 'இன்னிக்கு வலிக்குதா?' என்று நீங்களாகக் கேட்காதீர்கள். அவள் சொன்னால் கேளுங்கள், தடவிக்கொடுங்கள், பள்ளிக்கு அனுப்புங்கள்.

இரவில் வலியால் விழிப்பது, எடை குறைவது, மலத்தில் ரத்தம், பச்சை வாந்தி, காய்ச்சல், வலப்பக்க அடிவயிற்று வலி: இதில் ஒன்று இருந்தாலும் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். சிறுநீர்ப் பரிசோதனை செய்யாவிட்டால் அதையும் செய்துவிடுங்கள்.

குடல் தட்டுவது மட்டும் இனி வேண்டாம் என்று மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். ஓமத்தண்ணீர் கொடுக்கட்டும், நான் குறுக்கே வரமாட்டேன்.