ஏஐசி பெரிய மாடலை எடு என்கிறது, பிஐசி சின்னதை எடு என்கிறது. எதைக் கேட்பது என்கிறீர்கள். (இரண்டுமே, பல மாடல்களில் எதை எடுக்கலாம் என்று ஒப்பிட உதவும் மதிப்பெண்கள்.)

உங்களிடம் நூறு வரிக்குள்தான் டேட்டா இருக்கும் என்று நினைக்கிறேன். என் கதையும் அதுதான்.

பெங்களூரில் இட்லி மாவு பாக்கெட் போடும் ஒரு கம்பெனியில் இருந்தேன். அடுத்த வாரம் எத்தனை பாக்கெட் ஓடும் என்று சொல்வது என் வேலை. கையில் 60 வாரக் கணக்கு. மழை, ஸ்கூல் லீவு, ஏகாதசி என்று அள்ளிப் போட்டு 14 பாராமீட்டரில் (டேட்டாவிலிருந்து மாடல் கணக்கிட்டு எடுக்கும் எண்கள்) ஒரு மாடல். 4 பாராமீட்டரில் இன்னொன்று (பிழைகளின் சிதறலான வேரியன்ஸையும் எண்ணித்தான், பலர் மறந்துவிடுவார்கள்). பெரியதற்கு ஏஐசி 5 குறைவாக வந்தது. குறைந்தால் நல்லது என்பதால் மீட்டிங்கில் நெஞ்சை நிமிர்த்திக் காட்டினேன். இரண்டே மாதம். மல்லேஸ்வரம் கடைகளிலிருந்து திரும்பி வந்த பாக்கெட்டுகள் குடோனில் பலூன் மாதிரி உப்பிக் கிடந்தன. அந்தப் புளித்த வாடை இன்னும் மூக்கில் இருக்கிறது.

பொருத்திய டேட்டாவிலேயே அளந்தால் எந்த மாடலும் உண்மைக்குப் பக்கத்தில் இருப்பதாகத்தான் காட்டும். அதற்காக ஏஐசியைக் கொடுத்த அகாயிகே பாராமீட்டருக்கு 2 என்று அபராதம் வைத்தார். டேட்டா நிறைய இருந்தால் அது போதும். 60 வாரத்துக்குப் போதாது. சிறு சாம்பிள் திருத்தம் போட்டால் பெரியதற்கு 2×14×15÷45 (15 என்பது 14+1, 45 என்பது 60−14−1), அதாவது 9.3 கூடும், சின்னதற்கு வெறும் 0.7. ஐந்து புள்ளி முன்னால் நின்றது 3.6 பின்னால் போய்விடுகிறது. பேனா, பேப்பர், ஐந்து நிமிஷம். நான் செய்யவில்லை.

"பிஐசி பார்த்திருந்தால் தப்பித்திருப்பாயே" என்று யாராவது வருவார்கள். பார்த்திருக்கலாம். 1978-இல் ஷ்வார்ட்ஸ் கொடுத்தது. 60 வரிக்கு ஒவ்வொரு பாராமீட்டருக்கும் 4.1 பிடிக்கும். ஆனால் அது கேட்பது வேறு: வரிசையில் நிற்பவற்றில் உண்மையான மாடல் எதுவாக இருக்கும் என்று. மாவு விற்பனையின் உண்மை மாடல் என் லிஸ்டில் இருந்ததாக நான் நம்பவே இல்லை. அடுத்த வாரத்தைச் சொல்வதுதான் வேலை என்றால் திருத்திய ஏஐசி என்பேன். நான் படித்தது மெக்கானிக்கல், புள்ளியியல்காரர்கள் அடிக்க வராதீர்கள்.

அந்த வேலையை விட்டபோது வீட்டையும் காலி செய்தேன். அட்வான்ஸில் ஒரு மாத வாடகையைப் பெயின்டிங் என்று ஓனர் கழித்துக்கொண்டார். சுவரில் ஓர் ஆணிகூட அடித்ததில்லை சார். அந்த அபராதத்துக்கு எந்த ஃபார்முலாவோ!

சரி, உங்கள் பெரிய மாடலில் முந்தைய வார விற்பனையும் இருக்கிறதா? இருந்தால், முதல் வாரத்துக்கு முந்தைய கணக்கு இல்லாததால் அது தானாகக் கழிந்திருக்கும்; வேறு வேறு வாரங்களில் வந்த எண்களை ஒப்பிட முடியாது. இரண்டு மாடலையும் ஒரே வாரங்களில் திரும்ப ஓட்டிவிட்டு அப்புறம் எண்ணைப் பாருங்கள்.