மகளின் மூக்குத்தியைப் பள்ளி கழற்றச் சொன்னால்

கேள்வி: தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் இருக்கிறோம். மகள் பெரியவளானதும் பாட்டி மூக்கு குத்திவிட்டார். பள்ளியில் கழற்றச் சொல்கிறார்கள். சேர்க்கும்போது நடத்தை விதிகளில் நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். மண்டேலா கொடுத்த உரிமை இதற்கெல்லாம் உதவுமா?

பதில்: உதவும். ஆனால் அது மண்டேலா கொடுத்தது அல்ல, நாட்டின் அரசியலமைப்பு கொடுத்தது. அவரே அப்படிச் சொல்ல விட்டிருக்க மாட்டார். தூக்குத் தண்டனை காத்திருக்கலாம் என்ற நிலையில், 1964இல் நிறவெறி அரசு தன் மீது தொடுத்த ரிவோனியா வழக்கில் பேசியபோதே, பிரிட்டிஷ் நீதித்துறையின் சுதந்திரத்தைப் போற்றியவர் அவர். 1995இல் அதிபராக இருந்து அவர் போட்ட ஆணைகளை அரசியலமைப்பு நீதிமன்றம் செல்லாது என்றது. சட்டம் இயற்றும் அதிகாரத்தை நாடாளுமன்றம் அதிபர் கையில் தூக்கிக் கொடுக்க முடியாது என்பது காரணம். நாடே தலையில் வைத்துக் கொண்டாடிய மனிதர், தீர்ப்புக்குக் கட்டுப்படுவதாக உடனே அறிவித்தார். அவரே பணிந்த சட்டத்துக்குப் பள்ளியும் பணிந்தாக வேண்டும்.

உங்கள் கதை டர்பனில் ஏற்கெனவே நடந்ததுதான். அந்தத் தாயும் விதிகளுக்கு உட்படுவதாகக் கையெழுத்திட்டவர். பள்ளி விளக்கம் கேட்டதும் குடும்ப வழக்கத்தை விரிவாக எழுதிக் கொடுத்தார்: பெண் வயதுக்கு வந்தால் மூக்கு குத்துவோம், 16 வயதில் பாட்டி தங்க மூக்குத்தியை மாற்றி வைர மூக்குத்தி போட்டு ஆசீர்வதிப்பார் என்று. பாகுபாடு குறித்த புகார்களை விசாரிக்கும் சம உரிமை நீதிமன்றத்தில் தோற்றார். உயர் நீதிமன்றத்தில் வென்றார். 2007இல் அரசியலமைப்பு நீதிமன்றமும் அவர் பக்கமே நின்றது. மூக்குத்தி மதம் கட்டாயப்படுத்தும் ஒன்றல்ல என்ற வாதம் அங்கே எடுபடவில்லை. விரும்பிக் கடைப்பிடிக்கும் வழக்கத்துக்கும் பாதுகாப்பு உண்டு, பள்ளி விதிவிலக்கு தந்திருக்க வேண்டும் என்றார்கள் நீதிபதிகள். எனக்கு இந்தத் தீர்ப்பில் மிகவும் பிடித்த இடம் இதுதான். வெறும் ஃபேஷனுக்காகக் குத்திக்கொண்டதற்கு இது பொருந்தாது.

அதனால் சண்டைக்குப் போகாமல் முதலில் பள்ளி ஆட்சிக் குழுவுக்கு விதிவிலக்கு கேட்டு எழுதுங்கள். பண்பாட்டையும் மதத்தையும் கடைப்பிடிக்கும் உரிமையைச் சொல்லும் அரசியலமைப்பின் 31ஆம் பிரிவைக் குறிப்பிடுங்கள். ஆனால் கடிதத்தில் பெரும்பகுதி உங்கள் வீட்டு வழக்கமாக இருக்கட்டும்: யார் குத்தினார், எப்போது, ஏன். நகல் ஒன்றை வைத்துக்கொண்டு, பெற்றதாகக் கையெழுத்தும் வாங்குங்கள். பதிலையும் எழுத்தில்தான் கேட்க வேண்டும்.

மறுத்தால், மாஜிஸ்திரேட் கோர்ட்டில் இயங்கும் சம உரிமை நீதிமன்றத்துக்குப் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை. படிவம் நிரப்ப அங்குள்ள எழுத்தரே உதவுவார். அதுவரை மகளை வீட்டில் நிறுத்திவிடாதீர்கள். வகுப்புக்குப் போய்க்கொண்டே இருக்கட்டும்.