வெடிக்கும் முன்பே பதறும் தோள்

கேள்வி: மூன்று மாதங்களாக ரைஃபிள் சுடப் பயின்று வருகிறேன். சிறிய தோட்டாவைச் சுடும் .22 ரைஃபிளில் குண்டுகள் நெருக்கமாக விழுந்தன. அதைவிட வலிமையான .308 ரைஃபிளுக்கு மாறியதிலிருந்து பல குண்டுகள் நடுப்புள்ளிக்குக் கீழே போகின்றன. சுட்டதும் துப்பாக்கி தோளில் உதைக்கும் பின்னுதைப்பை எதிர்பார்த்து நான் துப்பாக்கியை அசைத்துவிடுவதாகப் பயிற்சியாளர் சொல்கிறார். எனக்கோ அப்படித் தெரியவில்லை. இதிலிருந்து மீள்வது எப்படி?

பதில்: உங்களுக்குத் தெரியாமல் போனதில் வியப்பில்லை. துப்பாக்கி உதைப்பதற்குச் சற்று முன்னால் நீங்கள் செய்யும் அசைவு அந்த உதைப்பிலேயே மறைந்துவிடுகிறது. தோட்டா வெடித்த பின் குண்டு குழலை விட்டு வெளியேற ஓரிரு மில்லிவினாடிகளே ஆகும். மனித உடல் எதிர்வினை காட்டவோ ஏறத்தாழ 200 மில்லிவினாடிகள் வேண்டும். ஆகவே, குறியைக் கெடுப்பது உதைப்பு அன்று; அது வரப்போகிறது என்று முன்கூட்டியே தோளை இறுக்குவதும், கண்ணை மூடுவதும், விசையை வெடுக்கென்று இழுப்பதும்தான். இது கோழைத்தனமும் அன்று. முகத்துக்கு நேரே கை வந்தால் இமை மூடுவதைப் போன்ற தற்காப்பு என்பதால், மன உறுதியால் மட்டும் அது போய்விடாது.

முதலில் அந்த அசைவை நீங்களே பார்க்க வேண்டும். உண்மைத் தோட்டாவையோ, வெடிமருந்து இல்லாத டம்மித் தோட்டாவையோ, எது என்று உங்களுக்குத் தெரியாதபடி, பயிற்சியாளரே துப்பாக்கியில் இட்டுத் தரட்டும். டம்மி வரும்போது 'டிக்' என்ற ஓசை மட்டும் கேட்கும். உதைப்பே இல்லாத அந்தக் கணத்தில் குழல்முனை சட்டெனக் கீழே குனிவதைக் காண்பீர்கள். முதன்முறை பார்ப்பவர்கள் திகைத்துப் போவார்கள். டம்மிகளையே மிகுதியாகக் கலந்து, முனை அசையாமல் நிற்கும் வரை இதைத் தொடருங்கள். உண்மைத் தோட்டாவே வெடிக்காமல் போயிருக்கவும் கூடும் என்பதால், எது இடப்பட்டது என்று அறிந்த பயிற்சியாளர் சொல்லும் வரை குழலை இலக்கை விட்டுத் திருப்பாதீர்கள். வெடிக்காத தோட்டா என்றால் குறைந்தது 30 வினாடிகள் காத்திருக்க வேண்டும்.

இதற்கிடையே, தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிட்டு, துப்பாக்கி காலியாக இருப்பதை இருமுறை சரிபார்த்து, தோட்டா இல்லாமல் விசையை மட்டும் அழுத்தி, அதாவது வெற்றாகச் சுட்டுப் பழகுங்கள். குழல்முனை மீது ஒரு நாணயத்தை வைத்து, அது விழாதபடி விசையைச் சீராக அழுத்திப் பாருங்கள். .22 ரைஃபிள்கள் சில வெற்றாகச் சுட்டால் பழுதாகும். அவற்றில் டம்மி இட்டே பழக வேண்டும்.

பலர் கவனிக்காத ஒன்று ஓசை. இத்தகைய ரைஃபிளின் வெடியோசை 150 டெசிபலைத் தாண்டும். உடல் அஞ்சுவதில் பெரும்பங்கு அதற்கே என்பது என் கருத்து. காதடைப்பானுக்கு மேல் காதுறையும் அணிந்தால் பாதிப் பதற்றம் அடங்கிவிடும். பின்கட்டையைக் காறை எலும்பின் மேல் வைக்காமல், அதற்கும் தோள்மூட்டுக்கும் இடையிலுள்ள குழியில் அழுத்தமாகப் பதியுங்கள். இடைவெளி விட்டால் உதைப்பு அடியாக மாறும். படுத்துச் சுடுகையில் உடல் பின்னால் அசைந்து கொடுக்க இயலாததால் தோள் கூடுதலாகத் தாங்க வேண்டியிருக்கும். சில நாள்கள் நின்று சுடுங்கள்.

ஒரு நாளில் .308-இல் 15 அல்லது 20 முறைக்கு மேல் சுடாதீர்கள். தோள் வலித்த பின் சுடுகின்ற ஒவ்வொரு குண்டும் பழைய அச்சத்தையே மீண்டும் பயிற்றுவிக்கும். மீதி நேரத்துக்கு .22 போதும். வெடித்த பின்னும் விசையை அழுத்தியபடியே, கண்ணை மூடாமல், குண்டு எங்கே விழுந்திருக்கும் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அதன் பின்னரே இலக்கைப் பாருங்கள். நீங்கள் சொன்ன இடமும் துளை விழுந்த இடமும் ஒத்துப்போகத் தொடங்கினால், வெடிக்கும் கணத்தில் உங்கள் கண் திறந்திருக்கிறது என்று பொருள்.