வரைபடம் முடிவாகும் முன்பே அழையுங்கள்: பசுமைக் கட்டடம் பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: மூன்று தளங்கள் கொண்ட அலுவலகக் கட்டடம் ஒன்றைக் கட்ட இருக்கிறோம். கட்டடக் கலைஞர், கட்டமைப்புப் பொறியாளர், ஒப்பந்ததாரர் என்று பலருக்கும் கொடுக்கவேண்டிய நிலையில், மின்சாரம், நீர், கட்டுமானப் பொருள் ஆகியவை குறைவாகச் செலவாகும்படி வழிகாட்டும் பசுமைக் கட்டட ஆலோசகர் என்று இன்னொருவரையும் அமர்த்தினால் செலவு கூடத்தானே செய்யும்? அவரால் கட்டுமானச் செலவே குறையும் என்று சொல்கிறார்களே, அதை எப்படி நம்புவது?

பதில்: தங்கள் ஐயம் நியாயமானதே. செலவு எப்படி வளர்கிறது என்பதைப் பார்த்தால் விடை கிடைக்கும். வெப்பமான பகுதியில் கட்டப்படும் ஒரு கட்டடத்தின் மேற்குச் சுவர் முழுவதும் கண்ணாடி வைப்பதாகக் கொள்வோம். அதன் வழியே இறங்கும் பிற்பகல் வெயிலுக்கு ஈடுகொடுக்க ஏசி பொறியாளர் பெரிய இயந்திரங்களைக் கேட்பார். அவற்றுக்காக மின் பொறியாளர் தடித்த கேபிளும் பெரிய ஜெனரேட்டரும் குறிப்பார். மொட்டை மாடியில் ஏறும் எடைக்காகக் கட்டமைப்புப் பொறியாளர் கம்பியைக் கூட்டுவார். அவரவர் கணக்கு அவரவருக்குச் சரியாகவே இருக்கும். ஆனால் முதலில் எடுத்த ஒரு முடிவின் விலையை உரிமையாளர் நான்கு இடங்களில் கொடுத்துக்கொண்டிருப்பார், அதுவும் தெரியாமலேயே. இந்த நான்கு கணக்குகளையும் ஒரே மேசையில் வைத்துப் பார்ப்பதுதான் நல்ல ஆலோசகரின் வேலை. நீளமான முகப்புகள் வடக்கும் தெற்கும் பார்க்கும்படி கட்டடத்தைத் திருப்பினால், உச்சி வெயிலைச் சாதாரண சன்ஷேடே தடுத்துவிடும். மேற்கில் சாய்ந்து வரும் வெயிலை அதனால் தடுக்க முடியாது என்பதால், அந்தப் பக்கத்தில் மாடிப்படி, கழிவறை, பொருள் வைப்பறை ஆகியவற்றை வைப்பார். இதற்கெல்லாம் கூடுதலாக ஒரு செங்கல்கூடத் தேவையில்லை. ஏசியின் டன் கணக்கோ கண்முன்னே இறங்கும்.

நியூயார்க்கில் 1931-ல் திறக்கப்பட்ட எம்பயர் ஸ்டேட் கட்டடம் இதற்கு நல்ல சான்று. 2009-ல் அதைப் புதுப்பிக்க முனைந்தபோது, குளிரூட்டும் இயந்திரங்களை மாற்றிப் பெரியவற்றை வைப்பதே முதலில் இருந்த திட்டம். ஆலோசகர்கள் சன்னல்களிலிருந்து தொடங்கினார்கள். கட்டடத்துக்குள்ளேயே ஒரு பட்டறை அமைத்து, 6,514 சன்னல்களின் கண்ணாடிகளைக் கழற்றி, இடையே மெல்லிய படலமும் வாயுவும் சேர்த்துத் திரும்பப் பொருத்தினார்கள்; விளக்குகளின் மின்தேவையையும் குறைத்தார்கள். குளிரூட்டும் தேவை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டதால், புதிய இயந்திரங்களை வாங்காமல் பழையவற்றையே சீரமைத்துக்கொள்ள முடிந்தது. சன்னலுக்குச் செய்த செலவு, இயந்திர அறையில் வரவிருந்த பெருஞ்செலவைத் தவிர்த்தது.

பசுமைக் கட்டடம் என்றாலே விலை கூடும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. கட்டுமானச் செலவுகளைக் கணக்கிடும் டேவிஸ் லாங்டன் நிறுவனம் 2004-லும் 2007-லும் வெளியிட்ட ஒப்பீடுகள், லீட் (LEED) என்ற பசுமைக் கட்டடச் சான்றிதழை நாடிய கட்டடங்களுக்கும் நாடாதவற்றுக்கும் சராசரிக் கட்டுமானச் செலவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்றே காட்டின. இரு பிரிவிலும் மலிவானவையும் இருந்தன, விலை மிகுந்தவையும் இருந்தன. ஆகவே, பசுமை என்ற பெயரைவிட வடிவமைப்பை யார், எப்போது, எவ்வளவு அக்கறையோடு செய்கிறார்கள் என்பதே செலவைத் தீர்மானிக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: நாங்கள் கட்டப்போவது சிறிய வீடு. ஏசியே அதிகம் இல்லாத எங்களுக்கு இதனால் என்ன பயன்? சிமென்ட், கம்பி ஆகியவற்றில் ஏதாவது மிச்சமாகுமா?

பதில்: நிச்சயமாக மிச்சமாகும். முதலில் அளவுகளைப் பாருங்கள். கம்பி பெரும்பாலும் 12 மீட்டர் நீளத்தில் வருகிறது. தங்கள் வரைபடப்படி 4.2 மீட்டர் துண்டுகள் தேவைப்பட்டால், ஒரு கம்பியில் இரண்டு துண்டுகள்தான் கிடைக்கும், 3.6 மீட்டர் எஞ்சும். வேறு எங்காவது அது பயன்படாவிட்டால் பழைய இரும்பாகத்தான் போகும். அறையைச் சற்றே சுருக்கித் துண்டை 4 மீட்டருக்குள் கொண்டுவந்தால், மூன்று துண்டுகள் கழிவின்றிக் கிடைக்கும். 60 செ.மீ. டைல்ஸ் பதிக்கும் அறை 3.1 மீட்டராக இருந்தால், ஒவ்வொரு வரிசையிலும் 10 செ.மீ. கீற்றுக்காக ஒரு டைலை வெட்டவேண்டும். 3 மீட்டராக இருந்தால் ஐந்து டைல்களோடு வரிசை முடிந்துவிடும். ப்ளைவுட்டுக்கும் சுவர்க் கற்களுக்கும் இதே கணக்குதான். வரைபடத்தில் அழிரப்பரால் முடிகிற இந்த வேலை, கட்டுமிடத்தில் வண்டி வண்டியாகக் குப்பை சேர்வதைத் தடுக்கிறது.

அடுத்தது, தேவைக்கு மேல் போடுவது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 23 எஃகுச் சட்டகக் கட்டடங்களின் உத்தரங்களை ஆராய்ந்து 2014-ல் வெளியிட்ட முடிவுகளின்படி, அவற்றின் தாங்குதிறனில் சராசரியாகப் பாதிக்கும் குறைவே பயன்பட்டது. பாதுகாப்புக்கான கூடுதல் அளவு விதிகளிலேயே இருக்கிறது. அதற்கும் மேலே, கணக்கிடும் நேரத்தை மிச்சப்படுத்த எல்லா உத்தரங்களுக்கும் ஒரே அளவு கொடுப்பதால்தான் இந்த வீண் வருகிறது. ஆலோசகர் தாமாகக் கம்பியைக் குறைக்கக் கூடாது. ஒவ்வோர் உத்தரத்துக்கும் தனித்தனியே கணக்கிடும்படி கட்டமைப்புப் பொறியாளரைக் கேட்டு, அந்த வேலைக்கு உரிய ஊதியத்தையும் அவருக்குப் பெற்றுத்தர வேண்டும்.

சிமென்டில் ஒரு பகுதிக்கு மாற்றாக அனல்மின் நிலையச் சாம்பலையோ இரும்பாலைக் கசடையோ சேர்ப்பது மலிவானது, கரியமில வாயு வெளியீட்டையும் குறைப்பது. ஆனால் அத்தகைய கான்கிரீட் வலுப்பெறச் சற்றுக் கூடுதல் நாட்கள் பிடிக்கும். மாடித் தளத்தைத் தாங்கி நிற்கும் சென்ட்ரிங்கை அவசரப்பட்டுப் பிரிப்பது ஆபத்து. கான்கிரீட்டை ஈரமாக வைத்திருக்கும் க்யூரிங் வேலையிலும் கவனம் வேண்டும். அஸ்திவாரத்தின் நிலை வேறு: முழு எடையும் அதன்மேல் ஏறப் பல மாதங்கள் ஆகும் என்பதால், கான்கிரீட் 28 நாளில் பெறும் வலிமைக்குப் பதிலாக 56 நாளில் பெறும் வலிமையைக் கணக்கில் கொள்ளப் பொறியாளர் ஒப்புக்கொண்டால் சிமென்ட் இன்னும் குறையும். செங்கற்களைக் குத்தாக நிறுத்தி, நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டும் எலிப்பொறிக் கட்டு முறையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு செங்கல் மிச்சமாவதோடு, அந்த வெற்றிடமே வெப்பத்தையும் தடுக்கும். பழகாத கொத்தனார் கையில் கலவை உள்ளே விழுந்து வெற்றிடம் அடைபட்டுவிடும். ஆகவே ஒரு மாதிரிச் சுவர் கட்டிப் பார்க்காமல் தொடங்கவேண்டாம்.

கேள்வி: எங்கள் கட்டடத்தில் அஸ்திவாரம் முடிந்து தூண்களும் எழும்பிவிட்டன. இப்போது ஆலோசகரை அமர்த்தினால் பயன் உண்டா?

பதில்: பெரும்பகுதி கைநழுவிவிட்டது என்பதை வருத்தத்தோடு சொல்லவேண்டியிருக்கிறது. திசை, வடிவம், தூண்களின் இடைவெளி எல்லாம் இனி மாறாது. ஆயினும் சன்னல் அளவு, கூரையின் வெப்பத்தடுப்பு, வெளிறிய நிறப் பூச்சு, குறைந்த நீர் செலவிடும் குழாய்கள், விளக்குகள் ஆகியவை இன்னும் தங்கள் கையில் இருக்கின்றன. ஏசிக்கும் பம்புக்கும் ஆர்டர் கொடுக்காமல் இருந்தால், இவற்றை முடிவுசெய்த பிறகு தேவையை மறுபடி கணக்கிடச் சொல்லுங்கள். மின்தேவையைக் குறைக்காமல் சூரியத் தகடுகளை வாங்குவது, வீணாகும் மின்சாரத்துக்கும் சேர்த்துத் தகடு வாங்குவதாகவே முடியும்.

கேள்வி: ஆலோசகருக்கு எந்த முறையில் கட்டணம் கொடுப்பது நல்லது? சான்றிதழ் கட்டாயமா?

பதில்: கட்டுமானச் செலவில் இத்தனை சதவீதம் என்று பேசாதீர்கள், செலவைக் குறைக்கவேண்டியவரின் வருமானம் செலவோடு சேர்ந்து உயரக் கூடாது. வேலையின் பட்டியலை எழுதிக்கொண்டு, நிலையான ஒரு தொகையைப் பேசுவதே மேல். பொருள் விற்பவர்களிடம் கமிஷன் வாங்குவதில்லை என்று ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள். முதல் சந்திப்பிலேயே விலை உயர்ந்த கண்ணாடியையும் தானியங்கிக் கருவிகளையும் பரிந்துரைப்பவரைவிட, 'இத்தனை அறைகள் உண்மையிலேயே வேண்டுமா?' என்று கேட்பவரை நம்பலாம். கட்டாமல் விட்ட சதுர அடிக்குச் சிமென்டும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். சான்றிதழைப் பொறுத்தவரை, வாடகைக்கு விடும் பெரிய கட்டடத்துக்கும், வங்கியோ அரசோ கேட்கும் இடத்துக்கும் அது பயன்படும். சொந்தக் குடியிருப்புக்கு அந்தப் பதிவுக் கட்டணத்தையும் ஆவண வேலையையும் தவிர்த்து, அதே தொகையைக் கூரையின் வெப்பத்தடுப்புக்குக் கொடுங்கள்.