எல்லாக் கூட்டல் குறியும் ஒன்றல்ல

நிலாவெளியிலிருந்து ஓர் இளைஞர் எழுதியிருக்கிறார்: அப்பா விட்டுச்சென்ற பழைய ஹோண்டா எம்.டி. 90 மோட்டார் சைக்கிள். சைலன்சரில் கரும்புகை, சந்தியில் நிறுத்தினால் எஞ்சினும் நின்றுவிடுகிறது. பெற்றோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் காபரேட்டரைத் துப்புரவாக்கிச் சரிப்படுத்தலாம் என்று அதன் அடியில் பெற்றோல் தேங்கும் கிண்ணத்தைக் கழற்றப் போனாராம். புதிதாக வாங்கிய ஸ்டார் ஸ்குரூட்ரைவர்தான், ஆனாலும் இரண்டு திருகாணிகளின் தலை வழுக்கிவிட்டது. எந்த ஸ்குரூட்ரைவர் வாங்க வேண்டும் என்று கேட்கிறார்.

தம்பி, பிழை உங்கள் கையில் இல்லை. ஹார்ட்வெயார் கடையில் ஸ்டார் என்று கேட்டால் அநேகமாக பிலிப்ஸ் வகையைத்தான் தருவார்கள். அது ஹென்றி பிலிப்ஸ் என்ற அமெரிக்கர் 1936இல் காப்புரிமை பெற்ற வடிவம். உங்கள் வண்டியோ யப்பானில் தபால்காரர்களுக்காகச் செய்யப்பட்டது. அதன் திருகாணிகள் யப்பானியத் தரத்தின்படி வெட்டப்பட்டவை. ஜிஸ் என்று சுருக்கிச் சொல்வார்கள். பார்வைக்கு இரண்டும் ஒரே கூட்டல் குறி. ஆனால் பிலிப்ஸ் முனையில் நான்கு சிறகுகளும் நடுவில் சேரும் மூலைகள் சற்று உருண்டிருக்கும். யப்பானியப் பள்ளத்தின் மூலைகள் கூரானவை. அதனால் சிறகுகள் முழுதாகப் பதியுமுன்னே பிலிப்ஸ் முனை தட்டி நின்றுவிடுகிறது. பிடிமானம் மேல்விளிம்பில் மட்டுந்தான். முறுக்கினால் மேலே ஏறி, ஏறும்போதே விளிம்பையும் வழித்துக்கொண்டு வந்துவிடும். யப்பானிய முனை பிலிப்ஸ் திருகாணியிலும் ஒழுங்காக வேலை செய்யும். ஆகவே ஒன்றுதான் வாங்கக் காசிருக்கிறது என்றால் யப்பானியதையே வாங்குங்கள். வெசல் போன்ற ஒசாக்கா நிறுவனங்களின் பொருள் கொஞ்சம் விலைதான், ஆனால் கெட்டுப்போன ஒரு காபரேட்டரின் விலை அதைவிட அதிகம்.

கடைக்குப் போகும்போது தலை கெடாத திருகாணி ஒன்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போங்கள். தலையில் சிறு புள்ளி குத்தியிருந்தால் அது யப்பானியத் தரம்; புள்ளி இல்லாதவையும் உண்டு. ஸ்குரூட்ரைவரைப் படுக்கையாகப் பிடித்து, முனையில் திருகாணியைச் செருகிக் கையை எடுங்கள். பொருத்தமான முனை என்றால் அது விழாமல் நிற்கும். காந்த முனை இந்தச் சோதனையில் பொய் சொல்லும். அப்போது திருகாணியை விரலால் ஆட்டிப் பாருங்கள், ஆட்டம் இருந்தால் வேண்டாம். கிண்ணத்துக்கு 2ஆம் இலக்க முனை போதும். 6 மில்லிமீற்றர் திருகாணிகளுக்குத்தான் 3ஆம் இலக்கம்.

சரியான முனை இருந்தாலும் நம் ஊரில் இன்னொரு வில்லங்கம் இருக்கிறது. கடலோரத்து உப்பு ஈரம் இரும்புத் திருகாணிக்கும் அது இறங்கியிருக்கும் மென்மையான கலப்பு உலோகத்துக்கும் இடையில் புகுந்துவிடும். அங்கே வெள்ளைத் தூள் பூத்து மரையைப் பூட்டிவிடும். முதல்நாள் இரவே ஊடுருவும் எண்ணெய் விட்டுவையுங்கள். மறுநாள் முனையை நன்றாகப் பதித்து, பிடியின் தலையில் சிறு சுத்தியலால் ஒரு தட்டு. பிறகு திருப்புங்கள், பலத்தில் பத்தில் ஏழு பங்கு அழுத்துவதற்கு, மூன்று பங்குதான் திருப்புவதற்கு. சுத்தியலால் அடித்தால் திரும்பும் இம்பாக்ட் டிரைவரை மட்டும் காபரேட்டருக்குக் கொண்டுபோகாதீர்கள். தொழில் பழகிய காலத்தில் நான் ஒருமுறை ஓங்கி அடித்தேன். திருகாணி அசையவில்லை, கிண்ணத்தின் காதுதான் உடைந்து காலடியில் விழுந்தது.

ஏற்கெனவே வழுக்கிய இரண்டுக்கும் ஸ்குரூட்ரைவரை மறந்துவிடுங்கள். அவற்றின் தலை வெளியே துருத்தி நிற்பதால் வைஸ் கிரிப் என்ற பூட்டுக் குறடால் இறுக்கிக் கவ்வி, கால் சுற்று அசைத்தால் மீதி கையோடு வரும். திரும்பப் பூட்டும்போது அலன் கீ போடும் திருகாணிகளாக மாற்றிவிடுங்கள். தடிப்பும் நீளமும் பழையதேபோல் இருக்க வேண்டும். நீளம் கூடினால் துளையின் அடியில் முட்டி உடைத்துவிடும். மரையில் துளி கிறீஸ் தடவுங்கள்.

இனிச் சரிப்படுத்தும் வேலை. வேடிக்கை என்னவென்றால் அதற்கு ஸ்டார் தேவையே இல்லை, எல்லாம் தட்டை ஸ்குரூட்ரைவர்தான். அதில்தான் பலரும் கவனயீனம். உள்ளே பெற்றோலை அளந்துவிடும் சிறு துளையுள்ள ஜெட்கள் பித்தளை. ஆப்புப்போலச் சரிந்த முனை பள்ளத்தின் உதட்டில் மட்டும் தொட்டு, அதைப் பிய்த்துவிடும். இரு பக்கமும் சமாந்தரமாக இருந்து, பள்ளத்தை அகலத்திலும் தடிப்பிலும் நிரப்பும் முனையைத் தேடுங்கள். எஞ்சின் மெதுவாக ஓடும்போது பெற்றோல் விடும் பைலட் ஜெட் ஒரு குழிக்குள் இருக்கும். அதற்கு முனை மட்டுமல்ல, தண்டும் ஒல்லியாக வேண்டும். எஞ்சினுக்கும் காபரேட்டருக்கும் இடையில் கை புகாத இடத்துக்குக் குட்டையான பிடியுள்ள ஸ்குரூட்ரைவர் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

கரும்புகை என்பது பெற்றோல் அதிகம், காற்றுக் குறைவு. திருகாணியைத் தொடுமுன் காற்று வடிகட்டியையும் சோக்கையும் பாருங்கள். பாதி வண்டிகளின் நோய் அங்கேதான் தீரும். பிறகும் தேவையென்றால் காபரேட்டரின் வெளிப்புறத்தில் பெற்றோல்-காற்றுக் கலவையைச் சரிசெய்யும் கலவைத் திருகாணியை மெதுவாக உள்ளே திருப்பி, எத்தனை சுற்று என்று எண்ணி எழுதிவையுங்கள். தட்டியதும் நிறுத்துங்கள், இறுக்கினால் ஊசிமுனை முறியும், அல்லது அது அமரும் துளை அகன்றுவிடும். எழுதிய அளவுக்கே திரும்ப வெளியே எடுத்து, எஞ்சின் சூடானபின் கால் கால் சுற்றாகச் சரிப்படுத்துங்கள். வடிகட்டிப் பக்கமாக இருப்பது காற்றுத் திருகாணி, வெளியே எடுத்தால் காற்றுக் கூடும். எஞ்சின் பக்கமாக இருந்தால் கதை தலைகீழ், வெளியே எடுத்தால் பெற்றோல் கூடும். இது வண்டி நிற்கையில் எஞ்சின் ஓடும் வேகத்துக்கும், அக்சிலேட்டரைச் சிறிது முறுக்கும்போதும் மட்டுமே. முழு முறுக்கில் வரும் புகையை இது தீர்க்காது.

கிண்ணத்தை மூடும்போது எதிரெதிர் மூலைகளாக, மணிக்கட்டுப் பலத்தில் மட்டும் இறுக்குங்கள். பெற்றோல் குழாயைத் திறந்து ஐந்து நிமிடம் பொறுத்து, கிண்ணத்தின் விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். ஈரம் பட்டால், கசிவைத் தடுக்கும் காஸ்கட் சரியாக உட்காரவில்லை. ஸ்டார்ட் பண்ணாமல் மறுபடியும் கழற்றுங்கள்.