நோன்புக் கஞ்சி: கேட்டவர்களுக்குச் சொன்னவை

அஸ்ஸலாமு அலைக்கும். எங்கள் முஹல்லா பள்ளிவாசலில் 26 ரமலான்களாகக் கஞ்சிச் சட்டிக்குப் பொறுப்பாக நிற்கிறேன். கஞ்சியைப் பற்றி எதை வேண்டுமானாலும் கேளுங்கள். பிறை, மார்க்கச் சட்டம், மருத்துவம் மூன்றும் என் துறையல்ல.

திருச்சி, கல்லூரி மாணவர்: பாய், இந்த ஆண்டு கஞ்சிப் பொறுப்பை எங்கள் கையில் கொடுத்துவிட்டார்கள். தினமும் 500 பேர். அளவு சொல்லுங்கள்.

தம்பி, முதலில் மகிழ்ச்சி. இளைஞர்கள் சட்டிப் பக்கம் வருவதே குறைந்துவிட்டது.

25 கிலோ பச்சரிசி, நொய்யாக உடைத்தது. 5 கிலோ பாசிப்பருப்பு, வாசம் வரும்வரை வறுத்தது. வெந்தயம் அரைக் கிலோ. அதற்கு மேல் போனால் கசக்கும். வெங்காயம் 5 கிலோ, தக்காளி 4, பூண்டு ஒன்றரை, இஞ்சி ஒரு கிலோ. பட்டை, கிராம்பு, ஏலம், பச்சை மிளகாய், புதினா, மல்லித்தழை உங்கள் ஊர்க் கைப்பக்குவம். கறி போடுவதானால் கைமாவாக 3 கிலோ போதும், வாசத்துக்குத்தான் கறி. தேங்காய் 25, அரிசி கிலோவுக்கு ஒன்று என்று நினைவில் வையுங்கள். கடைசியில் ஏறக்குறைய 250 லிட்டர் கஞ்சி நிற்கும், ஆளுக்கு அரை லிட்டர். ஒரே சட்டியில் ஏற்றாதீர்கள். இரண்டாகப் பிரித்தால்தான் துடுப்பு அடிவரை போகும்.

உப்புதான் இந்த வேலையின் பெரிய சிக்கல். சமைப்பவரும் நோன்பாளி, ருசி பார்த்துச் சரிசெய்யும் வாய்ப்பு இல்லை. ஆகவே கைக்கணக்கு வேண்டாம், தராசில் நிறுத்துப் போடுங்கள். அரிசி கிலோவுக்கு 70 கிராம். முதல் நாள் நோன்பு திறந்த பிறகு குடித்துப் பார்த்து, மறுநாள் ஐந்து கிராம் கூட்டியோ குறைத்தோ நோட்டில் எழுதுங்கள். எங்கள் நோட்டுக்கு வயது 20.

லுஹர் என்னும் நண்பகல் தொழுகை முடிந்ததும் அடுப்பு மூட்டுங்கள். தேங்காயின் இரண்டாம் பாலில் அரிசி வேகட்டும். முதல் பாலை அடுப்பை அணைத்த பிறகுதான் ஊற்ற வேண்டும். அடிப்பிடித்த வாடை வந்தால் கிளறாதீர்கள். மேலாக அள்ளி வேறு சட்டிக்கு மாற்றிவிடுங்கள். அஸர் என்னும் பிற்பகல் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்போது சட்டி இறங்கியிருக்க வேண்டும். அப்போதுதான் பிள்ளைகள் தூக்குவாளியோடு வருவார்கள். சிறு பிள்ளைகளைச் சட்டிக்குப் பத்தடி தூரத்தில் கயிறு கட்டி நிறுத்துங்கள். கொதிக்கும் கஞ்சி தோலில் ஒட்டிக்கொள்ளும், வெந்நீரைவிட மோசம்.

இன்னொன்று: அரசு பள்ளிவாசல்களுக்குக் கஞ்சிக்கென்று பச்சரிசி தருகிறது. விண்ணப்பம் மாவட்ட ஆட்சியருக்குப் போக வேண்டும். நோன்புக்கு முன்பே கொடுத்துவிடுங்கள்.

வேலூர்: முதல் நோன்பு என்றைக்கு?

பிறை பார்த்துச் சொல்லும் தலைமைக் காஜியின் அறிவிப்பைப் பாருங்கள்.

துபாய், தனி அறையில் இருப்பவர்: ஊர்க் கஞ்சிக்கு ஏங்குகிறேன். குக்கரில் முடியுமா?

தாராளமாக முடியும். அரை டம்ளர் நொய், ஒரு கைப்பிடி பாசிப்பருப்பு, அரைத் தேக்கரண்டி வெந்தயம், ஐந்து டம்ளர் தண்ணீர். வெங்காயம், தக்காளி, இஞ்சி பூண்டு வதக்கிச் சேர்த்து ஐந்து விசில். ஆவி அடங்கியதும் மத்தால் மசித்து, அடுப்பை அணைத்துவிட்டுத் தேங்காய்ப்பால். மல்லித்தழையை மறக்காதீர்கள், நீங்கள் ஏங்கும் ஊர் வாசத்தில் பாதி அதுதான்.

கொழும்பு, ஒரு சகோதரி: எங்கள் பக்கம் ரம்பை இலை போடுவோம். நீங்கள் ஏன் சொல்லவில்லை?

ரம்பை தமிழ்நாட்டுச் சந்தையில் எளிதாகக் கிடைப்பதில்லை, அதுதான் காரணம். கிடைத்தால் நானும் போடுவேன். கஞ்சி ஊருக்கு ஊர் இப்படித்தான் மாறும். மலபாரில் ரவையைப் பாலில் காய்ச்சி, நெய்யில் பொரித்த சின்ன வெங்காயம் தூவித் தரிக்கஞ்சி என்பார்கள். கோலாலம்பூர் கம்போங் பாரு பள்ளிவாசலில் புபூர் லம்புக் என்ற கஞ்சியைக் காய்ச்சி ஊருக்கே வழங்குகிறார்கள்.

சேலம்: எனக்குச் சர்க்கரை நோய். கஞ்சி குடிக்கலாமா, நோன்பு பிடிக்கலாமா?

குழைந்த அரிசி சர்க்கரையை வேகமாக ஏற்றும் என்பது மட்டும் எனக்குத் தெரியும். மற்றதை உங்கள் மருத்துவரிடம், ரமலானுக்கு முன்பே கேளுங்கள். நோயாளிக்கு மார்க்கத்தில் சலுகை இருக்கிறது. அதன் விவரத்தை உங்கள் பள்ளிவாசல் ஹஜ்ரத் (இமாம்) சொல்வார்.

மதுரை, ஜமாஅத் நிர்வாகி: பள்ளிவாசலில் உட்கார்ந்து நோன்பு திறப்பவர்களுக்கு மட்டும் கஞ்சி கொடுத்தால் செலவு பாதியாகும். தூக்குவாளி வரிசையை நிறுத்தலாம் என்று பேசுகிறோம். உங்கள் கருத்து?

நிறுத்தாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

பள்ளியில் உட்காருபவர்கள் யார்? பெரும்பாலும் ஆண்கள். அந்த வீடுகளில் அதே நோன்பைப் பிடித்துக்கொண்டு, விடியுமுன் சஹர் உணவுக்கு முதலில் எழுந்து, மாலையில் அடுப்படியில் நிற்பவர்கள் யார்? தூக்குவாளி அவர்களுக்காக வருகிறது. படுக்கையில் கிடக்கும் முதியவருக்காக, கடையை விட்டு நகர முடியாத கூலிக்காரருக்காக வருகிறது. நோன்பாளியை நோன்பு திறக்கச் செய்பவருக்கு அந்த நோன்பாளியின் நற்கூலி போன்றதே உண்டு, அவருடைய நற்கூலியில் எதுவும் குறையாது என்று நபிமொழி இருக்கிறது. அதில் பள்ளிக்குள் இருப்பவர், வெளியே இருப்பவர் என்ற பிரிவு இல்லை.

அதே நிர்வாகி: காரில் வந்து பெரிய பாத்திரத்தில் வாங்கிப் போகிறவர்களும் இருக்கிறார்களே? ஏழைக்குத்தானே போய்ச் சேர வேண்டும்?

காரில் வருபவரும் வாங்கட்டும். அவரும் வரிசையில் நிற்பதால்தான் தூக்குவாளி பிடித்து நிற்கும் ஏழைக்கு வெட்கம் இல்லை. வசதியானவரை விலக்கிவிட்டால் அது கஞ்சி வரிசையாக இருக்காது, இரப்பவர் வரிசையாகிவிடும். அதன் பிறகு உண்மையில் தேவைப்படுகிறவர் பிள்ளையை அனுப்ப மாட்டார். பெரிய பாத்திரம்தான் குறையென்றால், வீட்டுக்கு இத்தனை கரண்டி என்று எல்லோருக்கும் ஒரே அளவு வையுங்கள்.

நாகூர், ஒரு தாய்: குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். கணவர் இறந்த ஆண்டு முழு மாதமும் பள்ளிக் கஞ்சியில்தான் நானும் பிள்ளைகளும் நோன்பு திறந்தோம். யாருக்கும் அது தெரியாது, ஏனென்றால் எல்லா வீட்டிலும் அதே கஞ்சிதான் இருந்தது.

மதுரைச் சகோதரரே, இதை உங்கள் ஜமாஅத் கூட்டத்தில் வாசித்துக் காட்டுங்கள்.

அதே நிர்வாகி: வாசிக்கிறேன். ஆனால் பணப் பற்றாக்குறை உண்மை.

அப்படியானால் கறியை நிறுத்துங்கள், முந்திரி இருந்தால் அதையும் நிறுத்துங்கள். வெள்ளிக்கிழமை மட்டும் கறிக் கஞ்சி போதும். தண்ணீரைச் சற்றுக் கூட்டுங்கள். வரிசையைத் தொடாதீர்கள்.

கடலூர்: சவூதிப் பிறையா, உள்ளூர்ப் பிறையா?

மறுபடியும் பிறைக் கேள்வி வருகிறது. முதலில் எழுதியதைப் படியுங்கள்.

தென்காசி: நபி வழி பேரீச்சம்பழம்தானே? கஞ்சி பித்அத் (மார்க்கத்தில் இல்லாத புதுமை) இல்லையா?

பேரீச்சம்பழத்தால், இல்லையென்றால் தண்ணீரால் நோன்பு திறங்கள். நாங்களும் அப்படித்தான் திறக்கிறோம். கஞ்சி அதன் பிறகு குடிக்கும் உணவு. அதை வணக்கம் என்று யாரும் சொல்லவில்லை.

சென்னை: சஹருக்கு எழுப்பப் பக்கீர்கள் தாயிரா என்ற கைப்பறை கொட்டிக்கொண்டு தெருவில் பாடி வருவார்களே, இப்போதும் வருகிறார்களா?

எங்கள் தெருவுக்கு ஒருவர் வருகிறார். செல்போன் அலாரம் எல்லோரிடமும் இருக்கிறது, தெரியும். ஆனாலும் இரவு மூன்று மணிக்கு அந்தக் குரல் தெருமுனையில் கேட்கும்போதுதான் எனக்கு ரமலான் வந்ததாகத் தோன்றுகிறது. பெருநாளன்று வாசலுக்கு வந்தால் கை நிறையக் கொடுங்கள்.

கும்பகோணம்: நான் இந்து. என் பிள்ளைக்கு அந்தக் கஞ்சி உயிர். கேட்டால் தவறாக நினைப்பார்களா?

நாளைக்கே பிள்ளையிடம் பாத்திரம் கொடுத்து அனுப்புங்கள். பாலிதீன் பை மட்டும் வேண்டாம். சூடான கஞ்சியைப் பையில் ஊற்ற மாட்டேன் என்று இங்கே தினமும் சண்டை போடுகிறேன். எவர்சில்வர் தூக்கு இருந்தால் போதும்.

ஈரோடு: 2030-இல் இரண்டு ரமலான் என்கிறார்களே?

ஆம். பிறை ஆண்டு சூரிய ஆண்டைவிட ஏறக்குறைய 11 நாள் குறைவு. ஆகவே ஜனவரியில் ஒன்றும் டிசம்பர் கடைசியில் ஒன்றுமாக வரும். குளிர்காலத்தில் கஞ்சி சீக்கிரம் இறுகும், தண்ணீர் கூட்ட வேண்டும்.

விழுப்புரம்: நேற்றுக் கஞ்சி திரிந்துவிட்டது. அரிசி சரியில்லையோ?

அரிசியின் மேல் குற்றமில்லை. தேங்காய்ப்பால் ஊற்றும்போது அடுப்பு எரிந்துகொண்டிருந்ததா?

விழுப்புரம்: ஆமாம்.

அணைத்துவிட்டு ஊற்றுங்கள்.